பூனைக்கும் நாய்க்கும் தோலில் பூஞ்சை வந்தால் என்ன செய்வது: பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

பசாரிலிருந்தோ கொண்டோவின் கார் நிறுத்துமிடத்திலிருந்தோ ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்தவர்களுக்கும், முதல் தடவையாக நாய் வளர்ப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பினாங்குத் தீவில் இருக்கிறேன். எங்கள் வீட்டுப் பூனைக்கு இது வந்தது, அப்புறம் எங்களுக்கும் வந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், எதை முதலில் செய்வது எதைப் பிறகு செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு கிளினிக்கில் தோலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்பினார்கள்.

முக்கியமானதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மருந்து வாங்குவது இதில் சின்ன வேலைதான். பரிசோதனை இல்லாமல் ஆரம்பிப்பதும், முடி முளைத்தவுடன் நிறுத்துவதும்தான் ஒரே நோய்க்கு இரண்டு தடவை செலவழிக்க வைக்கும்.

1. எந்தப் பூஞ்சை என்று பிரித்துப் பாருங்கள்

நம் ஊரில் சாதாரணமாகப் பார்ப்பது மூன்று வகை. மூன்றுக்கும் வழி வேறு.

முதலாவது படர்தாமரை. கிளினிக்கில் ரிங்வோர்ம் என்பார்கள், மலாய்க்காரப் பக்கத்து வீட்டு அக்கா குராப் என்பார். முகம், காது, கால் பக்கம் முடி உடைந்து, வட்டமாகவோ திட்டுத் திட்டாகவோ செதில் தெரியும். அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பூனையில் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சைதான் காரணம், நாய்க்கும் மனிதருக்கும் தொற்றுவது அதே பூஞ்சைதான். குட்டிகளுக்கும், பெர்ஷியன் போல நீள முடிப் பூனைகளுக்கும் சுலபமாகப் பிடிக்கும். தொற்றிய பின் வெளியே தெரிய 1 முதல் 3 வாரம் ஆகும், அதனால் "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது" என்பது எதையும் நிரூபிக்காது.

இரண்டாவது மலசீசியா. இது நாய்களில் அதிகம். எண்ணெய்ப் பசை, ஊசிப்போன வாடை, விரலிடுக்கிலும் அக்குளிலும் காதிலும் சிவப்பு, நக்கி நக்கிப் பழுப்பான பாதம். இந்த ஈஸ்ட் நாயின் தோலில் எப்போதும் இருப்பதுதான். அலர்ஜியோ காது நோயோ ஹார்மோன் கோளாறோ வந்தால் அளவுக்கு மீறிப் பெருகிவிடும், நம் ஊர்ப் புழுக்கம் அதற்கு உதவி செய்யும். இன்னொரு நாய்க்குத் தொற்றாது, எனவே தனி அறை, வீடு முழுக்க பிளீச் என்று அலைய வேண்டியதில்லை. ஆனால் அடிக்காரணத்தைப் பிடிக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

மூன்றாவதை மலேசியாவில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: ஸ்போரோட்ரிகோசிஸ். பூனையின் மூக்கு, காது, கால் நுனியில் முடிச்சாகக் கிளம்பி, உடைந்து, ஆறாமல் ஈரமாகவே இருக்கும் புண். சண்டை போட்டுத் திரியும் ஆண் பூனைகளில் அதிகம். பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ மனிதருக்கு வரும், மலேசியாவில் பூனை வழியாகவே இது மனிதருக்கு வந்திருப்பது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. மூக்கில் ஆறாத புண்ணைப் பார்த்தால் "குராப்தான், கிரீம் போடு" என்று யாராவது சொல்வதைக் கேட்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு பூனையைக் கூண்டில் வைத்து நேராக மருத்துவரிடம் போங்கள். இதற்கு மாதக்கணக்கில் மருந்து உண்டு, புண் முழுதாக ஆறிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும்.

இவை தவிர, பூஞ்சையே இல்லாமல் அதே மாதிரி தெரிவனவும் உண்டு. தெருப் பூனையின் காதோரத்தில் சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு, தாங்க முடியாத அரிப்பு என்றால் அது சொறிப் பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்தே வேறு.

2. கிளினிக்குக்குப் போவதற்கு முன் எதையும் தடவாதீர்கள்

இதில்தான் நம் வீடுகளில் சிக்கல். பாட்டி மஞ்சள் அரைத்துவிடுவார், மாமா வேப்பெண்ணெய் என்பார், தோட்டத்தில் வளர்ந்தவர் யாராவது நாய்க்கு மண்ணெண்ணெயோ பழைய எஞ்சின் எண்ணெயோ தடவியதைப் பெருமையாகச் சொல்வார்.

மஞ்சள் விஷமில்லை, ஆனால் கிளினிக்கில் பூஞ்சையைத் தேடும் புற ஊதா விளக்கில் அதுவே மஞ்சள் பச்சையாக ஒளிரும், பரிசோதனையைக் குழப்பிவிடும். கற்பூரம், கற்பூரம் கலந்த தைலங்கள், டீ ட்ரீ எண்ணெய், மண்ணெண்ணெய் இவை பூனைக்கு நஞ்சு. டெட்டாலும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம், பூனையின் கல்லீரலால் அந்த வகை இரசாயனத்தைச் சரியாக உடைக்க முடியாது, பூனையோ உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. பூனை குளிக்கும் தண்ணீரில் ஒரு மூடி டெட்டால் ஊற்றுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மருந்தகத்தில் கிடைக்கும் மூன்று மருந்து கலந்த கிரீம்களும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பும் அரிப்பும் குறையும், அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும், மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகும்.

போவதற்கு முந்தின நாள் குளிப்பாட்டவும் வேண்டாம். திட்டுகளை நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள், பக்கத்தில் ஒரு 20 சென் காசை வைத்து எடுத்தால் பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று பிறகு ஒப்பிடலாம். பூனையை மடியில் வைத்துக்கொண்டு போகாமல் கூண்டில் கொண்டுபோங்கள், காத்திருக்கும் இடத்தில் மற்றவர்களின் பிராணிகள் இருக்கும்.

3. எடுத்துப்போக வேண்டியவை

தடுப்பூசி அட்டை, உங்கள் அடையாள அட்டை, முன்பு வேறு கிளினிக்கில் என்ன கொடுத்தார்கள் என்ற ரசீது அல்லது மருந்துப் பொட்டலம். தத்தெடுத்தது என்றால் தத்தெடுப்புப் படிவம், கடையில் வாங்கியது என்றால் ரசீது. நாய்க்கு நகராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும், கோலாலம்பூரில் டிபிகேஎல், பினாங்குத் தீவில் எம்பிபிபி, பினாங்குப் பெருநிலத்தில் எம்பிஎஸ்பி. சிகிச்சைக்கு அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் கொண்டோ நிர்வாகத்திலிருந்து புகார் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: வூட்ஸ் விளக்கு (அந்தப் புற ஊதா விளக்கு) இருக்கிறதா, பூஞ்சை வளர்ப்புப் பரிசோதனை (முடியில் இருப்பதை வளர்த்துப் பார்ப்பது) செய்வீர்களா. இரண்டுக்கும் இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். மலேசியாவில் கால்நடை மருத்துவர்கள் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். வளர்ப்புப் பிராணிக் கடையில் நிற்பவர் ஊசி போடுகிறேன் என்றால் அங்கே நிற்காதீர்கள். சிக்கலான நோய்க்கு கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு செர்டாங்கில் யுபிஎம் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

4. பரிசோதனை: எதற்கு எவ்வளவு நாள்

வூட்ஸ் விளக்கில் அங்கேயே விடை கிடைக்கும். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியை அடித்தால் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடியின் தண்டு ஆப்பிள் பச்சையாக ஒளிரும். தண்டு ஒளிர்கிறதா என்பதுதான் கேள்வி. செதிலும் தூசியும் களிம்பும் ஒளிர்ந்தால் அது கணக்கில் சேராது. எதுவும் ஒளிரவில்லை என்றால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் மற்ற வகைப் பூஞ்சைகள் பெரும்பாலும் ஒளிர்வதில்லை. ஷொப்பியில் விற்கும் ஊதா டார்ச்சுகள் பல 395 நானோமீட்டர், அதில் வீடே ஊதாவாகத் தெரியும், வாங்கி ஏமாறாதீர்கள்.

அடுத்தது நுண்ணோக்கி. முடியைப் பிடுங்கியோ தோலைச் சுரண்டியோ நாடா ஒட்டியோ பார்ப்பார்கள். சொறிப் பூச்சியா, மலசீசியாவா என்று இதிலேயே தெரிந்துவிடும். செலவு குறைவு, இதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மூன்றாவது வளர்ப்புப் பரிசோதனை. புதுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் உடம்பு முழுக்கத் தலையில் பேன் சீவுவது போலச் சீவி, அதைப் பூஞ்சை வளர்வதற்கான மஞ்சள் நிற ஊடகத்தில் பதிப்பார்கள். பிரிக்காத பிரஷ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், கிளினிக்கில் தீர்ந்திருந்தால் உதவும். பூஞ்சை வளர வளர ஊடகம் சிவப்பாகும். சில நாட்களிலேயே தெரியலாம், ஆனால் இல்லை என்று உறுதியாகச் சொல்ல 14 நாளாவது காத்திருக்க வேண்டும், சில ஆய்வகங்கள் 21 நாள் வைப்பார்கள். பொறி இங்கேதான்: சாதாரண அழுக்குப் பூஞ்சையும் தாமதமாகச் சிவப்பாக்கும். அதனால் "நிறம் மாறிவிட்டது" என்பதோடு நிறுத்தாமல் நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தார்களா என்று கேளுங்கள்.

பூஞ்சையின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையும் உண்டு. சில நாட்களில் வரும், விலை அதிகம். செத்த பூஞ்சையையும் காட்டிவிடும் என்பதால் ஆரம்பத்தில் பயன், குணமானதா என்று பார்க்க அவ்வளவாகச் சரிவராது.

வளர்ப்பு முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. விளக்கிலோ முடியிலோ சந்தேகம் உறுதியானால் மருத்துவர் அன்றே சிகிச்சையை ஆரம்பிப்பார்.

5. செலவை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

ஆலோசனைக் கட்டணம் பெரும்பாலான தனியார் கிளினிக்குகளில் 30 முதல் 80 வெள்ளிக்குள் (ரிங்கிட்) இருக்கும், இரவிலும் பொது விடுமுறையிலும் கூடும். வளர்ப்புப் பரிசோதனைக்கு 100 வெள்ளிக்கு முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பையைக் காலி செய்வது இவை எதுவுமில்லை. மாத்திரையும் ஷாம்புவும் 6 முதல் 10 வாரம் தொடர்ந்து போகும், நடுவில் மறுபார்வைகள், வீட்டில் இரண்டு மூன்று பிராணிகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் பெருக்கிக்கொள்ளுங்கள். அதனால் முதல் நாளே "மொத்தம் எவ்வளவு நாள், மொத்தம் எவ்வளவு ஆகும்" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். பணம் போதாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், எதை விடலாம் எதை விடக்கூடாது என்று நல்ல மருத்துவர் வரிசைப்படுத்திக் கொடுப்பார்.

கையில் வாங்க வேண்டியது: மருந்தின் பெயர், அளவு, பிராணியின் எடை எழுதிய சீட்டு, பரிசோதனை முடிவின் பிரதி, வகை வகையாகப் பிரித்த ரசீது. மருத்துவரை மாற்ற நேர்ந்தால் இவை இல்லாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.

6. மாத்திரை

அளவை இங்கே எழுதப்போவதில்லை, அது எடையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது. பூனைப் படர்தாமரைக்கு இப்போது முதலில் கொடுப்பது இட்ராகோனசோல், பெரும்பாலும் ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விட்டு. நடுவில் விடும் வாரத்தைப் பார்த்து "மருந்து முடிந்தது" என்று நினைத்துவிடாதீர்கள், நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இன்னொரு மருந்து டெர்பினாஃபைன். பழைய கிரிசியோஃபல்வின் மலிவு, ஆனால் சினையாக இருக்கும் பிராணிக்குக் கூடவே கூடாது, எஃப்ஐவி (எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) இருக்கும் பூனைக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கலாம். கீட்டோகோனசோல் பூனைக்கு ஒத்துவராது.

மனிதருக்கான இட்ராகோனசோல் காப்ஸ்யூலை வாங்கி வீட்டில் பிரித்துப் பங்கு போடுவதும் வேண்டாம். உள்ளே சிறு மணிகளாக இருக்கும், அளவு ஒவ்வொரு தடவையும் மாறும். சாப்பிடாமல் கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, கண்ணும் ஈறும் மஞ்சளானாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே கிளினிக்கைக் கூப்பிடுங்கள்.

7. குளியல்

மாத்திரை உள்ளிருந்து கொல்லும், முடியின் மேல் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துக்களை அது தொடாது. அதற்குத்தான் மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பு, வாரம் இரு தடவை. நுரையை 10 நிமிடம் ஊற விட வேண்டும். கடிகாரம் வைத்துப் பாருங்கள், பூனை கத்தும்போது 3 நிமிடமே 10 நிமிடமாகத் தெரியும். லைம் சல்ஃபர் கரைசல் கிடைத்தால் நன்றாக வேலை செய்யும், ஆனால் அழுகிய முட்டை வாடை, வெள்ளி நகை கறுத்துவிடும், வெள்ளைப் பூனை மஞ்சளாகும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

குளித்தபின் நன்றாகக் காய வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் நீள முடி தானாகக் காயவே காயாது. துண்டால் ஒற்றி, குறைந்த சூட்டில் உலர்த்துங்கள்.

மலசீசியா நாய்க்கும் பெரும்பாலும் இதே ஷாம்பு, இதே 10 நிமிடம். மடிப்பு, விரலிடுக்கு, தொடை இடுக்கு இவற்றை விட்டுவிட வேண்டாம். காதுக்குத் தனி மருந்து, ஷாம்புவைக் காதுக்குள் விடக்கூடாது.

முடியை மழிக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அடர்ந்த நீள முடி என்றால் உதவும், ஆனால் மெஷின் தோலைக் கீறினால் அந்தக் கீறல் வழியாகவே பரவும். வழக்கமான குரூமிங் கடைக்கு மறைத்துக் கொண்டுபோகாதீர்கள், அடுத்து அந்த மேசையில் ஏறும் பூனைகளுக்கெல்லாம் போய்விடும். கிளினிக்கிலேயே செய்யச் சொல்லுங்கள்.

8. வீடு

வித்துக்கள் உதிர்ந்த முடியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆய்வகத்தில் 18 மாதம்வரை இருந்திருக்கின்றன. இதைக் கேட்டு சோபாவை எரித்துவிடலாமா என்று பயந்தவர்களைத் தெரியும். அவ்வளவு வேண்டாம். முடியை அகற்றிவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

பூனையைச் சுலபமாகத் துடைக்கக்கூடிய ஒரே அறையில் வையுங்கள். கம்பளம் இல்லாத அறை, ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது குளியலறையோ பெரிய கூண்டோ. ஆனால் குட்டி என்றால் வாரக்கணக்கில் தனியாகப் பூட்டிவைக்காதீர்கள், மனிதரோடு பழக வேண்டிய வயது அது. தினமும் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து விளையாடிவிட்டு, சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள்.

தினமும் ஒட்டும் உருளையாலோ ஈரத் துணியாலோ முடியை எடுங்கள், துடைப்பத்தால் பெருக்கினால் பறக்கும். வாரம் இரண்டு தடவை முழுச் சுத்தம். வரிசை மாறக்கூடாது: முதலில் முடி, பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவல், அலசல், கடைசியில் கிருமிநாசினி. அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் வேலை செய்யாது. சாதாரண வீட்டு பிளீச் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, 10 நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும், பிறகு அலசிக் காயவிட்டுத்தான் பூனையை உள்ளே விட வேண்டும். கழிப்பறை சுத்தம் செய்யும் திரவத்தோடும் வினிகரோடும் பிளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

துணியைத் தனியாக, மெஷினை நிரப்பாமல், இரண்டு தடவை துவையுங்கள். வெந்நீர் அவசியமில்லை. காசு போட்டுத் துவைக்கும் டோபி கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், அடுத்து அங்கே ஒரு குழந்தையின் துணி போகும். கூண்டு, சீப்பு, காரின் பின்னிருக்கை, பூனை ஏறும் மரம் இவற்றைப் பலரும் மறந்துவிடுவார்கள். கயிறு சுற்றிய பழைய கீறுமரம் என்றால் தூக்கிப் போட்டுவிடுவதே மேல்.

வீட்டில் உள்ள மற்றப் பிராணிகளையும் பரிசோதிக்க வேண்டும். திட்டே இல்லாத பூனைகூட முடியில் வித்தைச் சுமந்துகொண்டு திரியும்.

9. உங்கள் தோல்

கையிலோ கழுத்திலோ வயிற்றிலோ சிவப்பு வளையம் வந்தால் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதாரக் கிளினிக்) போங்கள், குடியுரிமை உள்ளவர்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. "வீட்டில் பூனைக்கு ரிங்வோர்ம்" என்று நீங்களே சொல்ல வேண்டும், அவர்கள் கேட்காமல் போகலாம். குழந்தையின் தலையில் முடி கொட்டித் திட்டு விழுந்தால் கிரீம் போதாது, வாய்வழி மருந்து தேவைப்படும், தள்ளிப்போடாதீர்கள். சிறு குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், கீமோ எடுப்பவர்கள் குணமாகும்வரை பூனையைத் தொடாமல் இருக்கட்டும்.

பிறாண்டிய இடத்தில் முடிச்சு வந்து, கை வழியாக மேல்நோக்கி வரிசையாக முடிச்சுகள் கிளம்பினால் அது மேலே சொன்ன மூன்றாவது வகையாக, ஸ்போரோட்ரிகோசிஸாக, இருக்கலாம். அன்றே போங்கள்.

10. எப்போது நிறுத்துவது

இரண்டு மூன்று வாரத்தில் புதுத் திட்டுகள் நிற்கும், பிறகு முடி முளைக்கும். பூனை பார்க்க அழகாகிவிடும், எல்லாருக்கும் அலுத்தும் போயிருக்கும், மாத்திரை கொடுக்கும்போது கையில் கீறல் வேறு. அப்போதுதான் நிறுத்தக்கூடாது. வெளியே ஆறியபின்னும் முடியில் வித்து இருக்கும். சிகிச்சை தொடங்கி ஒரு மாதம் போல ஆனதும் மறுபடி பிரஷ் வளர்ப்பு செய்யச் சொல்லுங்கள். ஒரே ஆரோக்கியமான பூனை என்றால் ஒரு தடவை இல்லை என்று வந்தால் சில மருத்துவர்களுக்குப் போதும், பல பிராணிகள் உள்ள வீட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை வேண்டும். பரிசோதனைக்கு முன் ஷாம்புவுக்கு எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆரோக்கியமான பூனைக்கு மருந்தே இல்லாமல்கூடச் சில மாதங்களில் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சில மாதமும் அது வீடெல்லாம் வித்தை உதிர்த்துக்கொண்டிருக்கும்.

11. கடையில் வாங்கிய பிராணி என்றால்

வாங்கிய சில நாட்களிலேயே திட்டு தெரிந்தால் முதல் மருத்துவர் சீட்டில் தேதியும், நோயின் பெயரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்கு வாட்சப்பில் எழுத்தாகவே தெரிவியுங்கள், தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. அவர்கள் மழுப்பினால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. வாங்கிய ரசீது, மருத்துவ ரசீதுகள், பரிசோதனை முடிவு, தேதியோடு படங்கள், வாட்சப் உரையாடலின் அச்சு எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். கிளினிக் ரசீது சூட்டில் அச்சான தாள் என்றால் சில மாதத்தில் எழுத்து அழிந்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.